மடிக்காத விளிம்பு

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பத்தாறு.

குரு பெண். பெயர் பியூலா, சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். சீடர் பெயர் நஞ்சப்பன், அன்னூர்க்காரர். கோயம்புத்தூர் கணபதியில், கம்ப்யூட்டர் பெட்டி செய்கிற ஒரு தகரப் பட்டறையில் இரண்டு பேருக்கும் வேலை. அங்கே அவர்களைக் குரு என்றும் சீடர் என்றும் யாரும் சொன்னதில்லை. நான்தான் சொல்கிறேன். பியூலா நஞ்சப்பனை "அண்ணாச்சி" என்பார். நஞ்சப்பன் பியூலாவை "அம்மிணி" என்பார்.

கம்ப்யூட்டர் பெட்டி என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மேசைக்கு அடியில் காலில் இடித்துக்கொண்டு நிற்குமே, அந்தத் தகரக் கூடு. கேபினெட் என்பார்கள். உள்ளே வைக்கிற மதர்போர்டும் ஃபேனும் ஒயரும் வேறு இடங்களிலிருந்து வரும். கூடு மட்டும் இவர்கள் கைவேலை.

புதிதாக ஒரு வடிவம் போட்டால் முதலில் ஒரே ஒரு மாதிரிப் பெட்டி செய்வார்கள். அதற்குள் எல்லாவற்றையும் மாட்டி, எது எங்கே இருக்கிறது, எது எதன்மேல் இடிக்கிறது, எந்த ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துச் சொல்வது பியூலாவின் வேலை. சரி என்றால் பெட்டியின் தரைத் தகட்டில் எழுத்து வெட்டின இரும்புப் பஞ்ச் ஒன்றை வைத்துச் சுத்தியலால் ஓர் அடி அடிப்பார். 'பி' என்று எழுத்து பதியும். அதற்குப் பிறகுதான் மற்ற பெட்டிகளுக்குத் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின் ஓடும்.

நஞ்சப்பன் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். மில்லை மூடிவிட்டார்கள். பட்டறை அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, ராக்கியப்பனுக்குச் சொந்தம். அவர் வீட்டுப் பின்கட்டில்தான் நஞ்சப்பனும் மனைவியும் குடியிருந்தார்கள்.

"அம்மிணிகிட்ட தொழிலக் கத்துக்குங்க மச்சான். ஒரு ஆளையே நம்பி எத்தன நாளைக்கு ஓட்டறது?" என்றார் ராக்கியப்பன்.

மகள் வயதுப் பெண்ணிடம் போய்க் கைகட்டி நிற்பதில் நஞ்சப்பனுக்குக் கூச்சம் இல்லை. மூடின மில் கேட்டுக்கு முன்னால் மூன்று மாதம் நின்றவருக்கு எந்த இடத்திலும் நிற்க வரும்.

முதல் நாள் பியூலா ஒரு வெறும் பெட்டியை அவர் முன்னால் வைத்தார்.

"என்னத்தப் பாக்கீங்க அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லீங்க அம்மிணி. வெறும் பெட்டி. நல்லாத்தான் இருக்குது."

"வெறுமனே இருக்கும்போது எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான்."

அன்று அதற்கு மேல் பாடம் இல்லை. நஞ்சப்பன் வீட்டுக்குப் போய் மனைவியிடம், "அந்தப் புள்ள ஏதோ சாமியார் மாதிரி பேசுது" என்று சிரித்தார்.

அடுத்த நாள் பியூலா உள்ளே எல்லாவற்றையும் மாட்டச் சொன்னார். மாட்டினார். மூடச் சொன்னார். மூடினார்.

"இப்போ ஃபேன் கெட்டுப்போச்சு. கழத்துங்க."

ஃபேனைக் கழற்ற டிஸ்க்கைக் கழற்ற வேண்டியிருந்தது. டிஸ்க்கைக் கழற்ற ஒயர்களைப் பிடுங்க வேண்டியிருந்தது. ஒயரைப் பிடுங்கப்போனால் விரல் நுழையவில்லை. நஞ்சப்பன் முழங்கைவரை உள்ளே விட்டு மல்லுக்கட்டினார். வெளியே எடுத்தபோது புறங்கையில் ரத்தம்.

"மாட்டும்போது வேகமா மாட்டிட்டனுங்களே" என்றார்.

"மாட்டுகவனுக்கு எல்லாம் நேர்ல வரும். அவன் ஒவ்வொண்ணா வைக்கான். கழத்துகவனுக்கு எல்லாம் தலைகீழா வரும். நீங்க ரெண்டாவது ஆளுக்காகப் பாக்கணும்."

நஞ்சப்பன் காயத்தைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார்.

பியூலா பெட்டியைப் பார்க்கும் விதமே வேறு. பார்க்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு இடது கையை உள்ளே விடுவார். தகட்டின் ஓரங்களில் விரல் மெதுவாகப் போகும். வளைவு, துளை, திருகு, மறுபடி ஓரம். அந்தக் கை விரல்களில் பழைய வெட்டுகள் நிறைய. தடிப்பாகிப்போன தோலில் வெள்ளைக் கோடுகள்.

"கண்ண எதுக்குங்க மூடிக்கறது?"

"கண்ணு ஏமாந்துரும் அண்ணாச்சி. பெயின்ட் பளபளன்னு இருந்தா அதுக்குப் போதும். கைக்குப் பெயின்ட் தெரியாது."

பிசிறு என்றால் என்ன என்று நஞ்சப்பன் அப்போதுதான் கற்றுக்கொண்டார். பிரஸ் மெஷின் தகட்டை வெட்டும்போது வெட்டின ஓரத்தில் ஒரு பக்கம் கூர் எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும். அந்த ஓரத்தை உள்பக்கமாக மடித்துவிட்டால் கூர் ஒளிந்துகொள்ளும். மடிக்காவிட்டால் அது கத்தி.

கொஞ்ச நாளில் நஞ்சப்பனும் கண்ணை மூடிக் கையை விடப் பழகினார். நூல் பிடித்த விரல்கள் ஆனதால் சீக்கிரம் பிடிபட்டது. எங்கே பிசிறு, எங்கே அரம் போட்டு ராவியிருக்கிறார்கள், எங்கே மடித்திருக்கிறார்கள் என்று தொட்டவுடன் சொன்னார். பியூலா ஒருமுறைகூடப் பாராட்டவில்லை. ஆனால் ஒருநாள் தன் டிபன் டப்பாவிலிருந்து மீன் வறுவல் ஒரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார். நஞ்சப்பனுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒருநாள் அவர் கேட்டார்.

"அம்மிணி, நாம பாக்கறது யாருக்காகங்க? பெட்டிய வாங்கறவனுக்கா, செய்யறவனுக்கா?"

பியூலா ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிக் கீழே வைத்தார்.

"கல்யாண வீட்டுல யாராவது இதத் தொறந்து பாத்துருக்காவளா அண்ணாச்சி?"

"இல்லீங்க."

"நல்ல நாள்ல இத யாரும் தொறக்க மாட்டாவ. ஏதோ கெட்ட பொறவுதான் ஒருத்தர் வந்து கைய விடுவாரு. அவரு அவசரத்துல இருப்பாரு, பதட்டத்துல இருப்பாரு, லைட்டுகூட இருக்காது. அவருக்காக."

நஞ்சப்பன் தலையாட்டினார். புரிந்தது என்றுதான் நினைத்தார்.

அந்த வருஷம் பட்டறைக்கு வேலை குறைந்துபோயிற்று. வெளியூர்ப் பெட்டிகள் வந்து குவிந்தன. பிரஸ்ஸில் நின்ற ஆட்களில் பாதிப்பேர் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். மீதிப்பேர் காலையில் வந்து, டீ குடித்துவிட்டு, மாலையில் போனார்கள். ராக்கியப்பன் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. சின்னச் சின்ன ஊர்களில் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் நடத்துகிற ஒரு கம்பெனி. நானூறு பெட்டி வேண்டும். மேசைக்கு அடியில் ஓர் ஓரமாக அடங்குகிற அளவில் சின்னதாக இருக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் வேண்டும். முடியாது என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

ராக்கியப்பன் தானே உட்கார்ந்து வடிவம் போட்டார். சின்னப் பெட்டி ஆனதால் மின்சாரத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டி பின்பக்கம் நிற்க இடம் இல்லை. அதை முன்பக்கம் தள்ளிவிட்டார். பிளக் சொருகும் இடம் பின்னால், எஸ்.எம்.பி.எஸ். முன்னால். அதனால் கரண்ட் ஒயர் பெட்டிக்கு உள்ளேயே பின்னாலிருந்து முன்னால்வரை ஓட வேண்டியதாயிற்று. நடுவில் ஒரு தகடு. தகட்டில் ஒரு ஜன்னல். ஒயர் அந்த ஜன்னல் வழியாகப் போனது.

மாதிரிப் பெட்டி வந்தது. நஞ்சப்பன் முதலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உண்மையில் அழகாகத்தான் இருந்தது.

"நல்லா அடக்கமா இருக்குதுங்க அம்மிணி" என்றார்.

பியூலா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க ஊர்ல அடக்கம்னா வேற, அண்ணாச்சி."

"என்னங்க?"

"கோயில்ல பாட்டுப் பாடி, கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோறது."

நஞ்சப்பன் சிரிக்க முயன்றார். பியூலா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டார். விரல் ஜன்னல் ஓரத்துக்கு வந்ததும் நின்றது. ஒருமுறை போய் வந்தது. இன்னொருமுறை போய் வந்தது.

"நீங்க பாருங்க."

நஞ்சப்பன் கையை விட்டார்.

"வழவழன்னு இருக்குதுங்க."

"எதனால வழவழன்னு இருக்கு?"

அவர் மறுபடி தொட்டார். குறுக்கே மெல்லிய கீறல்கள். அரம் போட்ட தடம்.

"கையால ராவியிருக்காங்க."

"மடிச்சிருக்கா?"

"இல்லீங்க."

"பிரஸ்ல வரப்போற நானூறுக்கும் ஆள் உக்காந்து ராவுவாவளா?"

நஞ்சப்பன் கையை வெளியே எடுத்தார்.

பியூலா ராக்கியப்பனிடம் போனார். நஞ்சப்பனும் பின்னாலேயே போனார்.

"ஜன்னல் ஓரத்த மடிக்கணும் சார். ஃபேன் ஓடுத அதிர்வுல ஒயர் ஓரத்துல ஒரசிக்கிட்டே இருக்கும். என்னைக்காவது ஒருநாள் தோல் கிழியும். கிழிஞ்சா பெட்டி முழுக்கக் கரண்ட்."

"அதுக்குத்தான் எர்த் இருக்குதுல்லம்மா?"

"எந்த ஊர்ல சார் இருக்கு?"

ராக்கியப்பனுக்கு அது தெரியும். பாதிக் கட்டடங்களில் எர்த் துளை சுவரில் இருக்கும், சுவருக்குப் பின்னால் ஒயர் இருக்காது.

"மடிக்கறதுன்னா பிரஸ்ஸுக்குப் புது அச்சு, டை, வெட்டோணும். அது வரவே மாசக் கடைசி ஆகிப்போகும்."

"அப்போ ஒவ்வொண்ணையும் ராவச் சொல்லுங்க."

"நானூறையுமா? எத்தன கை இருக்குது இங்க?"

"எழுத்துப் போட முடியாது சார்."

ராக்கியப்பன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிரஸ் பக்கம் கையைக் காட்டினார். அங்கே சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லும்மா."

பியூலா அவர்கள் முகத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு மேசைக்குப் போய்த் தன் எழுத்துப் பஞ்ச்சைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டார். டிபன் டப்பாவைக் கழுவினார். நஞ்சப்பனிடம் வந்தார்.

"வாறேன் அண்ணாச்சி."

"நான் என்ன பண்ணட்டுங்க அம்மிணி?"

"நான் சொல்லித் தரவேண்டியதச் சொல்லித் தந்துட்டேன்."

அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை ராக்கியப்பன் வீட்டுக் கூடத்தில் நஞ்சப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நஞ்சப்பனின் மனைவியும் இருந்தாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம். நடுவில் ஒரு புதுப் பஞ்ச். நுனியில் 'ந' என்று எழுத்து.

"இனிமே பட்டறைல நீங்கதான் மச்சான்" என்றார் ராக்கியப்பன்.

அக்காக்காரி முகமெல்லாம் பூரித்து நின்றாள். தன் வீட்டுக்காரருக்குத் தம்பி செய்கிற மரியாதை அல்லவா? மில் மூடிய நாளிலிருந்து அவள் சிரித்து நஞ்சப்பன் பார்த்ததில்லை.

தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். தனத்தோடு நின்றால் பரவாயில்லை.

நஞ்சப்பன் பட்டறைக்குப் போனார். கண்ணை மூடினார். மாதிரிப் பெட்டிக்குள் கையை விட்டார்.

"கை என்ன சொல்லுது மச்சான்?"

"வழவழன்னு இருக்குது."

பொய் இல்லை. அது வழவழவென்றுதான் இருந்தது. புதுப் பஞ்ச்சை வைத்து அடித்தார். எழுத்து நன்றாகப் பதிந்தது. பிரஸ் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள்.

நானூறு பெட்டிகளும் மாதக் கடைசிக்குள் முடிந்தன. பழைய ஆட்கள் திரும்பி வந்தார்கள். கடைசி லோடு போன அன்று கிடா வெட்டிச் சோறு போட்டார் ராக்கியப்பன். அந்த நானூறில் ஒன்றுக்குள்ளும் நஞ்சப்பன் கையை விடவில்லை. விட்டால் தெரிந்துவிடும்.

மழைக்காலம் வந்தது. புளியம்பட்டியில் ஒரு பயிற்சி மையம். அங்கே தரை துடைக்கிற பெண்மணிக்கு ராமாத்தாள் என்று பெயர். மேசைக்கு அடியில் துடைப்பதற்காக, ஒரு கையால் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தினாள். அவ்வளவுதான். வகுப்புக்கு வந்த பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள்.

ராக்கியப்பனுக்கு ஃபோன் வந்தது. இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மறுபடி ஃபோன் வந்தது. பேசிவிட்டு நஞ்சப்பனிடம் ஓடி வந்தார்.

"விசாரிச்சுக் கட்டட ஒயரிங் கோளாறுன்னு முடிச்சுட்டாங்க மச்சான். அதும் ஈரக் கையாமா. நம்ம பேரே வரல."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அது எதற்கான தண்ணீர் என்று நஞ்சப்பனுக்குத் தெரியவில்லை.

நஞ்சப்பன் பஸ் ஏறினார். முதலில் ராமாத்தாள் வீட்டுக்குப் போனார். வெளியில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. யார் என்று யாரும் கேட்கவில்லை. துக்க வீட்டில் கேட்கமாட்டார்கள். புருஷன்காரன் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தான்.

"படிச்சுப் படிச்சுச் சொல்லுவனுங்க. ஈரக் கையோட கரண்ட் சாமானத் தொடாதேன்னு. கேட்டாளா? அவ மேலதானுங்க தப்பு."

வந்திருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். பாவி மகள் ஈரக் கையோடு தொட்டுவிட்டாளே என்றார்கள். ராமாத்தாளின் மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நஞ்சப்பனுக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. எழுந்தும் நின்றார். போகிறார் என்று நினைத்து யாரோ வழிவிட்டார்கள். வெளியே வந்துவிட்டார்.

பிறகு பயிற்சி மையத்துக்குப் போனார். அந்தப் பெட்டியைக் கொல்லைப்பக்கம் போட்டிருந்தார்கள். தொட யாருக்கும் மனம் இல்லை. எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். மற்ற பெட்டிகளையும் நிறுத்துங்கள் என்று அவர் மேனேஜரிடம் கெஞ்சினார்.

"ஒயரிங்தான் மாத்தியாச்சே பெரியவரே. பரீட்சை நேரத்துல பீதி கிளப்பாதீங்க" என்றார் மேனேஜர்.

கம்பெனி தலைமை ஆபீசுக்கு ஃபோன் செய்தார். நீங்கள் யார் என்று கேட்டார்கள். மாதிரி பார்த்தவன் என்றார். எழுதி அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றார்கள். வீட்டுக்கு வந்து ராக்கியப்பனிடம் சொன்னார்.

"நீங்க வாயத் தொறந்தா அத்தன குடும்பமும் நடுத்தெருவுலதான் நிக்கும். செத்தவ வரப்போறாளா?" என்றார் ராக்கியப்பன்.

மனைவி எழுந்து உள்ளே போனாள். அன்று சாப்பிடக் கூப்பிடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நஞ்சப்பன் அந்தப் பெட்டியைச் சாக்கில் போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு பியூலா வீட்டுக்குப் போனார். பியூலா அப்போது பீளமேட்டில் வேறொரு கம்பெனியில் வேலையில் இருந்தார். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வெள்ளைப் புடவை.

"வாங்க அண்ணாச்சி."

நஞ்சப்பன் சாக்கை இறக்கினார். எங்கிருந்து வருகிறது, என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டைக்கூடச் சொன்னார்.

பியூலா தரையில் உட்கார்ந்தார். மூடியைக் கழற்றினார். கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை வெளியே எடுத்தார். விரல் நுனியில் ரத்தம் பொடித்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அந்த அக்கா பேரு என்ன?"

"ராமாத்தாள்ங்க."

"பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணுங்க."

பியூலா வாய்க்குள் ஏதோ சொன்னார். ஜெபமாக இருக்கலாம்.

"ஈரக் கைன்னு சொல்றாங்க அம்மிணி. புருசனே சொல்றான். எல்லாரும் அவ மேலயே போடறாங்க. எம் பேர ஒருத்தரும் சொல்றதில்லீங்க. என்னையக் கேக்க ஆளே இல்லீங்க. நீங்களாச்சும் கேளுங்க. திட்டுங்க. செருப்பக் கழட்டி அடிங்க."

பியூலா எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் ஓர் அரம் இருந்தது. அவரிடம் நீட்டினார்.

"ராவுங்க."

"எதைங்க?"

"அந்த ஓரத்த."

"இனி எதுக்குங்க அம்மிணி? இது போன பெட்டி."

"ராவுங்க அண்ணாச்சி."

நஞ்சப்பன் மதர்போர்டைக் கழற்றி வெளியே வைத்தார். ஒயரை உருவினார். ஒயரின் தோல் ஓர் இடத்தில் வாய் பிளந்து, உள்ளே செம்பு தெரிந்தது. அதைப் பார்க்காமல் ஒதுக்கிவைத்தார். பியூலா அடுப்பில் டீ வைத்துவிட்டு வந்ததும் அரத்தைப் போட்டார். முதலில் கிறீச்சிட்டது. பிறகு பிடி கிடைத்தது. ஒரு பக்கம். மறுபக்கம். மூலைகள். அரப்பொடியை ஊதித் துடைத்தார். கண்ணை மூடி விரலை ஓட்டிப் பார்த்தார்.

"ஆச்சுங்க."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

நஞ்சப்பன் யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது? அடுப்பில் பியூலா வைத்துவிட்டு வந்த டீ இன்னும் பொங்கவில்லை.

"இத்தினி நேரந்தானுங்களா?" என்றார். அப்படியே தரையில் குந்திவிட்டார். மில்லை மூடியபோதுகூட அழாத மனிதர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். பியூலா தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

அழுகை ஓய்ந்ததும் பியூலா கேட்டார்.

"மிச்சம் எத்தன ஓடிக்கிட்டு இருக்கு?"

"முன்னூத்தித் தொண்ணூத்தொம்பதுங்க."

"எங்கெங்கன்னு தெரியுமா?"

"லோடு ஏத்தினது நாந்தானுங்களே. தாராபுரம், காங்கேயம், சூலூரு, அந்தியூரு... எல்லா ஊரும் தெரியும்."

"இப்பவும் எல்லா ஊர்லயும் யாராவது தரை துடைச்சுட்டுத்தான் இருப்பாவ."

நஞ்சப்பன் அரத்தைப் பார்த்தார்.

"உள்ள உடுவாங்களாங்க?"

"ஆபீஸ்ல கேட்டா விடமாட்டாவ. துடைக்கிறவங்ககிட்டக் கேளுங்க. என்ன நடந்துச்சுன்னு அவங்ககிட்ட மறைக்காமச் சொல்லுங்க. அவங்க கதவத் தொறப்பாவ."

"சொன்னா அடிப்பாங்க."

"அடிப்பாவ."

"மச்சினன் வீட்டுல இனி இருக்க முடியாதுங்க."

"முடியாது."

"எம் பொண்டாட்டி வருவாளான்னு தெரிலீங்க."

பியூலா தரையில் கிடந்த அரப்பொடியைக் கையால் கூட்டி ஒதுக்கினார்.

"எல்லாத்தையும் முடிச்சா எனக்குத் தீருமாங்க அம்மிணி?"

"தீராது."

நஞ்சப்பன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துவைத்தார். பிறகு மதர்போர்டை எடுத்துப் பழையபடி மாட்டினார். வாய் பிளந்த ஒயரை மாட்டவில்லை. மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். அரத்தைச் சாக்குத் துணியில் சுற்றினார். எழுந்தார்.

"கைய உடறதுக்கு எனக்கு இனிப் பயமில்லீங்க" என்றார். குரல் தட்டையாக இருந்தது. "எந்தப் பெட்டில கரண்டு புடிச்சு இழுத்தாலும் போய்ட்டாத் தேவலைன்னுதான் இருக்குது. ஒரு உசுருக்கு ஒரு உசுரு. கணக்குச் சரியாப் போகும்."

பியூலாவும் எழுந்தார். வாசல்வரை கூடவே வந்தார். அவர் தோளில் சாக்கை ஏற்றிவிட்டார்.

"தொறக்கதுக்கு முன்னால மெயின் சுவிட்ச அணைச்சிருங்க அண்ணாச்சி" என்றார். "ஒவ்வொரு பெட்டிக்கும்."